நீக்கத் தெரிந்த கை, கட்டத் தெரிந்த கை

இத்தாலியின் பாவியா நகரில் அறுவைப் பேராசிரியராக இருந்த இஜினியோ தான்சினி 1906இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தபின் நெஞ்சில் விழும் பெரிய புண்ணை மூட அவர் ஒரு வழி கண்டிருந்தார். முதுகின் அகன்ற தசையை அதன் மேலுள்ள தோலோடு சேர்த்து, இரத்தக்குழாய் அறுபடாமல் பெயர்த்து, அக்குள் பக்கமாக முன்னே திருப்பித் தைப்பதுதான் அந்த வழி. முன்பு தோலை மட்டும் திருப்பிப் பார்த்தபோது அதன் நுனி கருகிப்போயிருந்தது. அடியிலிருக்கும் தசையும் கூட வந்தால்தான் தோலுக்கு இரத்தம் போகும் என்பது பிறகுதான் தெளிவானது. சில ஆண்டுகள் ஐரோப்பாவில் இந்த முறை புழங்கியது. பிறகு அடியோடு மறந்துபோனார்கள். 1970களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு சிலர் அதே தசையைப் புதிதாகக் ‘கண்டுபிடித்த’ பிறகுதான் பழைய தாள்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். இடையில் ஏறத்தாழ 70 ஆண்டுகள் போய்விட்டன.

தான்சினியின் முறை தோற்றதாக எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஒரு மனிதரின் செல்வாக்கு அதை அமுக்கியது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் தம்முடைய 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டிருந்தார். மார்பகம், அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிடுவது அவர் முறை. மற்றவர்கள் அறுத்த இடத்திலேயே நோய் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹால்ஸ்டெட்டின் கணக்கில் அப்படித் திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அந்த வெற்றியின் பலத்தில் அவர் இன்னொன்றையும் வலியுறுத்தினார். புண்ணை அழகாக மூடுவதற்காகப் பக்கத்துத் திசுவை இழுத்துப் போடும் வேலை ஆபத்தானது. அதன் அடியில் நோய் மறுபடி முளைத்தால் கண்ணில் படாது. மூடும் கவலை வந்துவிட்டால் அறுப்பவரின் கை தயங்கும் என்ற அச்சமும் இதன் பின்னால் இருந்தது.

இது ஒருவரின் கருத்தாக மட்டும் இருந்திருந்தால் நாளடைவில் தேய்ந்து போயிருக்கும். ஆனால் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்களை உருவாக்கும் முறையையே ஹால்ஸ்டெட்தான் வகுத்தார். மருத்துவமனையிலேயே தங்கி, படிப்படியாகப் பொறுப்பேற்று, மூத்தவரின் கைவேலையைப் பார்த்துப் பழகும் ரெசிடென்சி பயிற்சி அவருடைய துறையில் பிறந்தது. அவரிடம் பயின்றவர்கள் பேராசிரியர்களாகி அடுத்த தலைமுறையை வார்த்தார்கள். கத்தி பிடிக்கும் விதத்தோடு சேர்த்து அந்த அச்சமும் கைமாறியது. மார்பகத்தை எடுப்பவர் அதைத் திரும்பக் கட்டுவதைப் பற்றி யோசிக்கக்கூடாது என்பது பாடப்புத்தகத்தில் எழுத வேண்டிய அவசியமே இல்லாத விதியாக நிலைத்துவிட்டது.

இத்தனைக்கும் கட்டிப் பார்க்கும் ஆசை மருத்துவத்தில் பழையது. ஹைடெல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி 1895இலேயே ஒரு பாடகிக்கு, அவர் உடம்பின் வேறிடத்திலிருந்த கொழுப்புக்கட்டியை எடுத்து, அறுவையில் இழந்த மார்பை நிரப்பினார். அவருக்கு இருந்தது புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புற்றுநோய் என்றதும் எல்லாருக்கும் கை கட்டுண்டது.

கட்டு அவிழ்ந்தது இரண்டு பக்கங்களிலிருந்து. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் மிலானில் உம்பர்த்தோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய சோதனைகள், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் முழு மார்பகத்தை எடுத்தாலும் உயிர் தரிக்கும் வாய்ப்பு ஒன்றே என்று காட்டின. இரண்டின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் ஒரே இதழில் வந்தன. ஹால்ஸ்டெட்டின் கோட்டை அஸ்திவாரத்தோடு சாய்ந்தது. மறுபக்கம் கருவிகளும் முறைகளும் பெருகின. 1962இல் ஹூஸ்டனில் க்ரோனினும் ஜெரோவும் முதல் சிலிக்கோன் பையைப் பொருத்தினார்கள். 1982இல் இரண்டு முக்கியக் கட்டுரைகள் வந்தன. தோலைச் சிறுகச் சிறுக விரிக்கும் உப்பு நீர்ப் பையைப் பற்றி ரடோவான் எழுதினார். அடிவயிற்றுத் தோலைத் தசையோடு மேலே கொண்டுவரும் முறையைப் பற்றி ஹார்ட்ராம்ஃப் எழுதினார். 1989இல் ஜப்பானின் கொஷிமா வயிற்றுத் தசையை விட்டுவிட்டு மேல் திசுவை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார். நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் அதையே மார்பகத்துக்குப் பயன்படுத்தி 1994இல் வெளியிட்டார். இன்று மருத்துவர்கள் ‘டீப்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அறுவை இதுதான்.

அந்த அறுவையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். பயிற்சி என்று நாம் சொல்வதன் பாரம் அப்போதுதான் புரியும். தொப்புளுக்குக் கீழே, பிரசவம் கண்ட பெண்களுக்குப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் தோலும் கொழுப்பும்தான் மூலப்பொருள். அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் வயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். சர்ஜன் அவற்றில் நல்லதாக ஒன்றிரண்டைத் தேர்ந்து, தசை நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டே அடிவரை தொடர்ந்து போகிறார். ஒரு சிறு கிளை தவறிக் கிழிந்தால் அவ்வளவு நேர உழைப்பும் வீண். பிறகு குழாயை வெட்டி, அந்தத் திசுவை நெஞ்சுக்குக் கொண்டுபோய், விலா எலும்பின் குருத்தெலும்புக்கு அடியில் ஓடும் தமனியோடும் சிரையோடும் நுண்ணோக்கியின் கீழ் இணைக்க வேண்டும். தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது. வெட்டிய நொடியிலிருந்து இணைக்கும்வரை அந்தத் திசு இரத்தமில்லாமல் காத்திருக்கிறது. மொத்தத்தில் ஆறிலிருந்து பத்து மணி நேரம் ஆகலாம்.

அதோடு முடிவதில்லை. முதல் இரவு முழுவதும் மணிக்கொரு முறை செவிலியர் வந்து பார்க்க வேண்டும். தோல் வெதுவெதுப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தி விட்டால் வெளிறிய இடம் எத்தனை நொடியில் நிறம் திரும்புகிறது, டாப்ளர் கருவியில் துடிப்புச் சத்தம் கேட்கிறதா என்று குறித்துக்கொள்வார். நிறம் ஊதாவாக மாறினால் சிரை அடைத்துக்கொண்டது என்று பொருள். நள்ளிரவானாலும் தியேட்டரைத் திறந்தாக வேண்டும். இதற்குத் தனியொரு வித்தகர் போதாது. மயக்க மருத்துவர், இரவுப் பணிச் செவிலியர், இரண்டாவது அறுவைக் குழு எல்லாரும் பழகியிருக்க வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் கோழித் தொடையிலுள்ள இரத்தக்குழாயில் தைத்துப் பழகுகிறார்கள். பிறகு எலியின் தொடைத் தமனிக்குப் போகிறார்கள், அது ஒரு மில்லிமீட்டர் அளவே. அதையும் தாண்டித்தான் மனித உடம்பு.

இதற்கு மாறாக சிலிக்கோன் பை வைக்கும் வேலை ஓரிரு மணியில் முடியும். எங்கே எது அதிகம் நடக்கிறது என்பதை நோயாளியின் உடல்வாகு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த ஊரில் யாருக்கு எது செய்யத் தெரியும், எதற்கு எவ்வளவு பணம் வரும் என்பவையும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் டீப் அறுவைக்கென்று இருந்த தனிக் கட்டணக் குறியீட்டை 2024 இறுதிக்குள் எடுத்துவிட அரசின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தபோது, நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து போராடினார்கள். 2023 ஆகஸ்டில் அந்த முடிவு கைவிடப்பட்டது. பில்லில் ஒரு வரி போனால் அந்த அறுவையைச் செய்பவர்களும் கற்றுக்கொள்பவர்களும் குறைந்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். அது அர்த்தமற்ற பயமில்லை.

ஆனால் ஒரு பெண் அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பயாப்ஸி முடிவோடு அவர் முதலில் போய் உட்காரும் இடம் புற்றுநோய் சர்ஜனின் அறை. பிளாஸ்டிக் சர்ஜனை அவராகத் தேடிப் போவதில்லை, அனுப்பினால்தான் போவார். டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிகளில் ஏமி ஆல்டர்மன் குழு செய்த ஆய்வுகள் இந்த வாசலைத்தான் அளந்தன. 2008இல் வெளியான ஆய்வின்படி, சிகிச்சையைத் தீர்மானிக்கும் நேரத்தில் மார்பகத்தைத் திரும்பக் கட்டும் சீரமைப்பைப் பற்றித் தம்மிடம் சர்ஜன் பேசினார் என்று சொன்ன பெண்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. பேச்சு வாய்த்தவர்களில் இளம் வயதினரும் கூடுதலாகப் படித்தவர்களும் அதிகம். முந்தைய ஆண்டு வெளியான ஆய்வில் அதே குழு சர்ஜன்களிடமே கேட்டிருந்தது. தம் நோயாளிகளில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோரை அறுவைக்கு முன் பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்புகிறவர்கள் 24 விழுக்காடுதான். அப்படி அனுப்புகிறவர்களில் பெண் சர்ஜன்களும், மார்பக அறுவை அதிகம் செய்கிறவர்களும், புற்றுநோய் மையங்களில் வேலை பார்க்கிறவர்களும் கூடுதலாக இருந்தார்கள்.

2008 ஆய்வின் இன்னொரு முடிவை நான் முக்கியமாக நினைக்கிறேன். சீரமைப்பைப் பற்றிப் பேசப்பட்ட பெண்கள், பேசப்படாதவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாக முழு மார்பக நீக்கத்தைத் தேர்ந்தார்கள். சீரமைப்புப் பேச்சு நீக்கம் முடிந்தபின் வரும் உபரிச் செய்தி இல்லை, நீக்குவதா வேண்டாமா என்ற முதல் முடிவையே அது மாற்றுகிறது. அப்படியானால் அதைச் சொல்லாமல் விடுவது வெறும் மறதி ஆகாது. சிகிச்சையைச் சர்ஜனே தேர்ந்துவிட்டதற்குச் சமம். அதே காரணத்தால் அதை ஆர்வமாகச் சொல்வதும் ஒரு பக்கம் தள்ளிவிடுவதாக ஆகலாம்.

அமெரிக்கா சட்டத்தை நாடியது. மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு சீரமைப்புக்கும் தர வேண்டும் என்று 1998இல் மத்தியச் சட்டம் வந்தது. பணம் தயாராக இருந்தும் தகவல் போய்ச் சேரவில்லை. ஆகவே, அறுவைக்கு முன் இதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் இன்னொரு சட்டம் போட்டது. 2011 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பேசு என்று சட்டம் கட்டளையிடலாம், எந்தத் தொனியில் பேசுவது என்று கட்டளையிட முடியாது. ‘இதெல்லாம் இருக்கிறது, ஆனால் முதலில் உயிரைப் பார்ப்போம்’ என்று சொன்னாலும் சட்டப்படி சொல்லியாகிவிட்டது.

பிரிட்டன் பயிற்சியில் கை வைத்தது. அங்கே 2008, 2009இல் நடந்த தேசியத் தணிக்கையில், இங்கிலாந்தில் மார்பகம் நீக்கப்பட்ட பெண்களில் ஐந்தில் ஒருவருக்கே அதே அறுவையில் சீரமைப்பும் நடந்திருந்தது. பகுதிக்குப் பகுதி பெரிய ஏற்றத்தாழ்வும் தெரிந்தது. அந்தத் தணிக்கைக்கு முன்பே அங்கு ஒரு மாற்றம் தொடங்கியிருந்தது. பொது அறுவையிலிருந்து வரும் மார்பக சர்ஜன்களையும் பிளாஸ்டிக் சர்ஜன்களையும் ஓராண்டு ஒரே துறையில் சேர்த்துப் பயிற்றும் பணியிடங்களை 2000களின் தொடக்கத்தில் உருவாக்கியிருந்தார்கள். ஜெர்மனியின் வெர்னர் ஆட்ரெட்ச் 1990களில் பெயர் சூட்டிய ஆன்கோபிளாஸ்டிக் அறுவைதான் இதன் மையம். புற்றுக்கட்டியைப் போதிய ஓரத்தோடு எடுத்து, மிஞ்சிய மார்பகத்தை அப்போதே வடிவாக்கிவிடுவது. பாரிஸின் கிரிஷ்ணா க்ளஃப் 2010இல் இதை இரண்டு நிலைகளாக வகுத்தார். 20 விழுக்காட்டுக்குக் குறைவாக எடுத்தால் எந்த மார்பக சர்ஜனும் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய உத்திகள் போதும், அதற்கு மேல் பாதிவரை போனால் தனிப் பயிற்சி வேண்டும். எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதற்கும் எங்கே நிறுத்திக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கும் அது ஓர் எல்லைக்கோடு.

பிரேசிலில் கதை வேறு. மார்பக மருத்துவம் அங்கே தனித் துறை. சீரமைப்பை அரசு மருத்துவமனைகள் செய்ய வேண்டும் என்று 1999இல் சட்டம், முடிந்தவரை அதே அறுவையில் செய்ய வேண்டும் என்று 2013இல் இன்னொன்று. செய்து முடிக்கக் கைகள் வேண்டுமே. மார்பக சர்ஜன்கள் தாங்களே கற்றுக்கொண்டு செய்ய முன்வந்தபோது அது தங்கள் வயல் என்று பிளாஸ்டிக் சர்ஜன்கள் வரப்பில் நின்றார்கள். இந்தச் சண்டை எல்லா நாட்டிலும் உண்டு. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், யார் செய்வது என்பதைவிட எத்தனை செய்திருக்கிறார், எத்தனை கெட்டுப்போயிற்று என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கெட்டுப்போவதைப் பற்றி பிரிட்டனின் ஐப்ரா ஆய்வு கசப்பான கணக்கு ஒன்றைத் தந்தது. 81 மருத்துவமனைகளில் சிலிக்கோன் பை வைத்துச் சீரமைத்த 2,108 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் அது வெளிவந்தது. மூன்று மாதத்துக்குள் நான்கில் ஒருவருக்குத் தொற்று. 18 விழுக்காட்டினருக்கு மறு அறுவை. 9 விழுக்காட்டினருக்கு வைத்த பையையே எடுக்க வேண்டி வந்தது. மறு அறுவைக்கும் பை இழப்புக்கும் ஏற்கத்தக்க அளவு என்று அந்நாட்டுச் சங்கங்கள் வகுத்திருந்தது 5 விழுக்காட்டுக்கும் கீழே. பையைத் தாங்கும் வலைகள் சந்தைக்கு வந்த வேகத்தில் பயன்பாடு பரவியது; ஆதாரம் பின்னால்தான் வந்தது. புதியதைக் கண்டு அஞ்சும் சர்ஜனைப் போலவே புதியதைக் கண்டு தாவும் சர்ஜனும் உண்டு. இரண்டுமே ஆய்வு படித்து வந்த மனநிலை இல்லை, தொழிலில் கூடியிருப்பவர்களிடமிருந்து ஒட்டிக்கொள்வது.

தாவுகிறவர்களின் பக்கத்தில் இன்னொரு குருட்டுப்புள்ளியும் இருக்கிறது. எனக்கு எதுவும் கட்ட வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று சொல்லும் பெண்ணை நம்ப மறுப்பது. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் தம் நோய்க்குறிப்புகளை நூலாக்கியபோது, செயற்கை மார்பு அணியாமல் சர்ஜனின் அலுவலகத்துக்குப் போனதற்காக அங்கிருந்த செவிலியர் கடிந்துகொண்டதை எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, சீரமைப்பு வேண்டாமென்று முடிவெடுத்த 931 பெண்களிடம் டியானா அட்டாய் உள்ளிட்டோர் கேட்டபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் தங்கள் முடிவை மருத்துவர் மதிக்கவில்லை என்றார்கள். பின்னால் மனம் மாறலாம் என்று மிச்சத் தோலைத் தொங்கவிட்டுத் தைத்த சர்ஜன்களும் உண்டு. தட்டையாக, மடிப்பில்லாமல் மூடுவதற்கும் கைத்திறன் வேண்டும். அதைக் கற்பிக்க வேண்டிய ஒரு நுட்பமாகவே நெடுங்காலம் யாரும் எண்ணவில்லை.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் சீரமைப்பு பெறும் பெண்களின் பங்கு மிகச் சிறியது. இதற்குச் சர்ஜன்களின் மனநிலையை மட்டும் குற்றம் சாட்டினால் அநியாயம். பலர் கட்டி பெரிதாகி, நெறிக்கட்டிக்குப் பரவிய பிறகே வருகிறார்கள். கீமோ, அறுவை, பிறகு ‘கரண்ட் வைப்பது’ என்று வரிசை நீள்கிறது. கதிர்வீச்சு பட்டால் சிலிக்கோன் பையைச் சுற்றி உருவாகும் உறை இறுகி வலியும் கோணலும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சீரமைத்த புண் ஆறத் தாமதமானால் அடுத்த சிகிச்சை தள்ளிப்போகும். அரசு மருத்துவமனையில் ஒரே தியேட்டர் மேசைக்குப் பத்துப் பேர் காத்திருக்கும்போது, எட்டு மணி நேர அறுவையை ஒருவருக்குச் செய்வதா, மூன்று பேருக்குக் கட்டியை எடுப்பதா என்று யோசிக்கும் சர்ஜனைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வாதம் ஓரிடத்தில் இடிக்கிறது. வாய்ப்புற்று மிகுந்த நாடு இது. நாக்கையும் தாடையையும் கன்னத்தையும் எடுத்தபின் நெஞ்சுத் தசையைத் திருப்பி வாயை மூடுவது நம் புற்றுநோய் சர்ஜன்களுக்கு அன்றாட வேலை. பெரிய மையங்களில் முன்கைத் தோலையும் கால் எலும்பையும் பெயர்த்து, நுண்ணோக்கியில் இரத்தக்குழாய் இணைத்துத் தாடை கட்டுகிறார்கள். அதற்கும் அதே மேசை, அதே மணிக்கணக்கு, அதே இரவுக் கண்காணிப்பு. அங்கே நேரமில்லை என்று யாரும் சொல்வதில்லை. வாயில்லாமல் எப்படிச் சாப்பிடுவார் என்பதே பதில். ஆக, கையும் கருவியும் நம்மிடம் இருக்கின்றன. மார்பகத்துக்கு வரும்போது அது ‘அழகு’க் கணக்கில் போய்விடுகிறது. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, சேலை முந்தானை மறைத்துவிடும் என்ற எண்ணம் கேட்காமலேயே பதிலாகிறது. உள்ளாடைக்குள் துணியும் பஞ்சும் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கனமில்லாததால் தோள் சாய்ந்து, கூட்டத்தில் அது நழுவிவிடுமோ என்று முந்தானையை இழுத்துவிட்டபடியே பேருந்தில் நிற்கும் பெண்ணுக்கு அது அழகுப் பிரச்சினை மட்டும்தானா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பும் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையும் இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தபோது உலகச் செய்தித்தாள்கள் வரை அது போனது. ஏழைகளுக்கு மட்டும் அழகுச் சிகிச்சை ஏன் கிடைக்கக்கூடாது என்பது அமைச்சரின் வாதம். உயிர் காக்கும் வேலைகள் கிடக்க இதற்கு ஏன் வரிப்பணம் என்று எதிர்த்தார்கள். அந்தக் கூச்சலில், புற்றுநோயில் மார்பகம் இழந்தவரின் சீரமைப்பும் அழகுக்கான அறுவையும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிட்டன. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே அந்த மூட்டையைக் கட்டினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்டான்லியைத் தேர்ந்ததில் மட்டும் ஒரு நியாயம் இருந்தது: கை அறுவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்ற துறை அது.

விதியிலோ அந்தக் குழப்பம் இல்லை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவாக வகுத்த விலக்குப் பட்டியலில் அழகு அறுவைக்குப் பணமில்லை என்று இருக்கிறது. அதே வரியில் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்றும் இருக்கிறது. பாலிசித் தாளின் பொடி எழுத்தில் உள்ள இந்த வரியை நோயாளி படித்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு இதைச் சொல்ல வேண்டியவர் மூன்றாண்டு எம்.எஸ். படித்து, பிறகு மூன்றாண்டு புற்றுநோய் அறுவையில் எம்.சிஎச். முடித்து வந்தவர். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவர் வேறு மாடியில், வேறு கட்டடத்தில், சிறிய ஊரென்றால் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். வாய்ப்புற்று நோயாளிக்காக அவரைக் கூப்பிடும் தொலைபேசி எண் புற்றுநோய் சர்ஜனிடம் ஏற்கெனவே இருக்கிறது.